கடைசி ஒரு முழம்

பேருந்து கிளம்புவதற்குள் அந்த அம்மாள் சின்ன மரத்தட்டை நடுக்கம்பியில் வைத்துத் திருகி, அதன்மேல் டம்ளரை நிறுத்தி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டார். டம்ளருக்கு அடியில் மை ஒற்றும் தாள் ஒன்று. இடது கையில் நோட்டு. கூட்டத்தில் இடிபட்ட ஒருவர், "ஏம்மா, பஸ்ஸுல நின்னுக்கிட்டுத்தான் தண்ணி குடிக்கணுமா?" என்று கேட்கிறார். "குடிக்க இல்லைங்க. டிரைவரோட கால் எப்படின்னு பார்க்க" என்று பதில் வருகிறது. கேட்டவர் இரண்டு அடி தள்ளிப் போய் நின்றுகொள்கிறார்.

அடுத்த நிறுத்தத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கிறது. ஒற்றுத்தாளில் ஈரப் பொட்டுகளை எண்ணி, 'பன்னிரண்டு சொட்டு' என்று நோட்டில் எழுதுகிறார். இதே வேலையைச் செய்ய அவர் கைப்பேசியிலேயே வசதி இருக்கிறது. அது இன்னும் துல்லியமாகவே சொல்லும். ஆனால் அதைக் கேட்டால், "போன்ல வர்ற நம்பரை யாருங்க நம்புவா? தண்ணி கொட்டினா நம்பித்தானே ஆகணும்!" என்கிறார். பொறியியல் கல்லூரியின் போக்குவரத்து ஆய்வுக்கூடத்தில் இருபத்து நான்கு வருடமாக வேலை பார்ப்பவர் பேசுகிற பேச்சா இது? ஆனால் இவர் அப்படித்தான். கண்டக்டர்கள் வைத்த பெயர் தளும்பல் மேடம். ஆய்வுக்கூடத்தில் அது மேடமாகச் சுருங்கிவிட்டது.

வயது ஐம்பத்தொன்று. ஆள் குள்ளம், நடை ஓட்டம். படிக்கட்டில் ஏறும்போது பேச ஆரம்பித்தால் மேல் படிக்குப் போன பிறகுதான் மூச்சு விடுவார். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சொட்டில்தான் அளப்பார். கல்லூரி லிஃப்ட் நாலு சொட்டு. முதல்வர் பேசிய ஆண்டு விழாப் பேச்சு, "ஆரம்பம் அருமை, நிறுத்தும்போதுதான் பத்துச் சொட்டு கொட்டிட்டார்." வீட்டுக்காரர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், மூக்கில் கண்ணாடி உட்காரும் பக்குவத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர், ஆகவே ஜோடிப் பொருத்தத்தில் குறையில்லை. அவர் ஒருநாள் கோபத்தில் கதவை அறைந்து சாத்தியபோது உள்ளேயிருந்து, "எட்டுச் சொட்டு!" என்று குரல் வந்ததாம். மனிதர் கோபத்தை மறந்து சிரித்துவிட்டார். "இவளோட சண்டை போடக்கூட முடியாதுங்க. மார்க் போட்டுடுறா" என்பது அவருடைய நிரந்தரப் புலம்பல்.

மகள் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அம்மாவை அதில் ஏற்றுவதில்லை. நாத்தனார் கதை இன்னும் மோசம். ஊரிலிருந்து வந்தவரைக் கடைக்கு அழைத்துப் போன மேடம், பாதி வழியில் ஓட்டுநர் பிரேக் பிடித்த அழகில் சொக்கிப்போய், வண்டி பணிமனைக்குத் திரும்பும்வரை இறங்கவே இல்லை. நாத்தனார் கடை வாசலில் தனியாக நின்றார். "அண்ணி, என்னை மறந்துட்டீங்களே!" என்று அவர் போனில் அழ, "மறக்கலைம்மா. ஒரு சொட்டுகூட விழலை தெரியுமா?" என்று இவர் சொல்ல, அந்த உறவு மறுபடி ஒட்ட ஆறு மாதம் பிடித்தது.

இத்தனை கூத்தும் எதற்கு என்று கேட்பீர்கள். டீசல் பேருந்துகளை எடுத்துவிட்டு மின்சாரப் பேருந்துகளை விடுகிறார்கள் அல்லவா, அதற்குத்தான். மின்சார வண்டியில் பிரேக்கை மெல்ல அழுத்தினால், இதுவரை சக்கரத்தைச் சுழற்றிய மோட்டாரை இப்போது சக்கரம் சுழற்றும். அதில் பிறக்கும் மின்சாரம் பேட்டரிக்கே திரும்பிப் போகும். ஓங்கி மிதித்தால் அத்தனையும் சூடாகிக் காற்றோடு போகும். "வண்டி எத்தனை தூரம் ஓடும்கிறது பாதி பேட்டரியில இருக்கு, பாதி டிரைவரோட கட்டைவிரல்ல இருக்கு" என்று மேடம் சொல்லும்போது அவர் காலின் கட்டைவிரலும் செருப்புக்குள் துடிக்கும்.

அந்தக் கட்டைவிரலுக்குப் பாடம் சொல்ல ஓர் இயந்திரம் செய்தார். ஆறு வருட உழைப்பு. உடைக்கப் போட்ட பேருந்து ஒன்றின் முன்பாதியை அறுத்து வாங்கி, ஓட்டுநர் இருக்கை, ஸ்டீயரிங், பெடல் எல்லாவற்றையும் அப்படியே வைத்து, கண்ணாடிக்குப் பதில் மூன்று திரைகளைப் பொருத்தினார். திரையில் தெரு ஓடும், ஆள் குறுக்கே வருவார், நிறுத்தம் வரும். ஓட்டி முடித்தால் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் விழும். பெயர் 'பாதி பஸ்'. இதற்கு முன் அவர் செய்த இரண்டு கருவிகள் ஆய்வுக்கூடத்தின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. இரண்டையும் எல்லாரும் பாராட்டினார்கள், ஒருவரும் பயன்படுத்தவில்லை. பாதி பஸ்ஸும் தார்ப்பாய்க்கு அடியில் போய்விடுமோ என்பதுதான் அவருடைய ஒரே பயம். ஆய்வுத் திட்டம் இந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் பணிமனை மேலாளர் பார்த்து, பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பரீட்சை. பாதி பஸ்ஸை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பணிமனைக் கொட்டகையில் இறக்கியிருந்தார்கள். கிரீஸ் வாடை, ஈரச் சிமெண்டுத் தரை, வரிசையாகப் புத்தம்புது மின்சாரப் பேருந்துகள், நடுவில் தலை மட்டும் வெட்டி வைத்த மாதிரி இது. சுற்றிலும் பன்னிரண்டு ஓட்டுநர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முகம் ஒன்றும் சரியில்லை. "இருபது வருஷம் ரோட்டுல ஓட்டினவனுக்கு இந்தப் பொம்மையா மார்க் போடப் போகுது?" என்று மீசைக்காரர் ஒருவர் எல்லார் காதிலும் விழும்படி முணுமுணுத்தார். அறுபதுக்குக் கீழே வாங்கினால் புது வண்டி கிடையாது என்று மேலாளர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தது வேறு எரிச்சல்.

மேடத்துக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. கல்யாண வீட்டுக்காரர் மாதிரி இங்கும் அங்கும் பறந்துகொண்டிருந்தார். வண்டியின் கணினி வேலை முழுவதையும் செய்த சக ஆய்வாளர், எதற்கெடுத்தாலும் "ஒரு பட்டன்தான்" என்று சொல்லி பட்டன் சார் என்றே பெயர் வாங்கியவர், அவரை உட்காரச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்.

முதலில் ஏறியவர் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஓட்டுநர். எண்பத்து நாலு! மேடம் கை தட்டினார். மீசைக்காரருக்கு எழுபத்தொன்று. அவர் முகம் கொஞ்சம் இளகியது. அப்புறம் பஞ்சு ஏறினார்.

பஞ்சு என்பது பணிமனை வைத்த பெயர். நாற்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார், வண்டி நின்றதே தெரியாமல் நிறுத்துவார். தூங்குகிற பயணிகள் இவர் வண்டியில்தான் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிடுவார்கள். ஆறு வருட நோட்டில் இவர் பக்கத்தில் மட்டும் வரிசையாகச் சைபர்தான். நாத்தனாரைக் கடை வாசலில் நிறுத்திய அந்த வண்டியை ஓட்டியவரும் சாட்சாத் இவரே. மேடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். பதினோரு நிறுத்தங்கள். பஞ்சு ஓட்டி முடித்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

முப்பத்து நாலு.

கொட்டகையில் சிரிப்பு வெடித்தது. "போச்சு! பஞ்சுவுக்கே முப்பத்து நாலா? எடுத்துட்டுப் போங்கம்மா உங்க பொம்மையை!" என்றார் மீசைக்காரர். பஞ்சு மட்டும் சிரிக்கவில்லை. திரையில் இருந்த எண்ணை ஒரு தடவை பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

மேலாளர் நல்ல மனிதர். சீக்கிரம் முடித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போக வேண்டும். பேனாவைத் திறந்தபடியே சொன்னார்: "இதுல என்ன மேடம் ஆச்சரியம்? பழைய டீசல் பழக்கம். கால் திருந்த நாளாகும். அதுக்குத்தானே உங்க மிஷினே? கொடுங்க, போட்டுடறேன்."

பட்டன் சார் தாளை நீட்டிவிட்டார். மேடம் தலையை ஆட்டினால் போதும். ஆறு வருடம் கரையேறிவிடும். பாதி பஸ் இந்தக் கொட்டகையிலேயே தங்கிவிடும். ஆட்டத்தான் போனார், கழுத்து பாதி வழி போய்விட்டது. அதற்குள் கண் திரைக்குப் போனது.

பஞ்சுவின் கால் அழுத்தத்தைக் காட்டும் கோடு அதில் ஓடியிருந்தது. தவறுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. பதினோரு நிறுத்தம், பதினோரு புள்ளி. பதினொன்றும் ஒரே இடத்தில், வண்டி நிற்பதற்குக் கடைசி ஒரு முழம் இருக்கும்போது.

"இருங்க, இருங்க, இருங்க!" மேடம் கத்தியதில் மேலாளர் பேனாவைக் கீழே போட்டார். "இதைப் பாருங்களேன்! ஒரே இடத்துல பதினோரு தப்பு! தப்புப் பண்றவர் அச்சடிச்ச மாதிரியா பண்ணுவார்? பட்டன் சார், இது என்ன தப்பு?"

"வண்டி முழுசா நிக்கிறதுக்குள்ள பிரேக்கைத் தளர்த்தறது. ஒண்ணுக்கு ஆறு மார்க் கழியும். நீங்க எழுதின விதிதான் மேடம்."

ஆமாம், இவர் எழுதிய விதிதான். முதல் வருடம் பாதி பஸ்ஸை ஓட்டிப் பார்த்தவர்கள் கல்லூரி மாணவர்கள். பேருந்து ஓட்டியறியாத பிள்ளைகள் பாதியிலேயே காலை எடுத்துவிட்டு, திரையில் நிறுத்தத்தையும் அங்கே நின்றவர்களையும் தாண்டிப் போனார்கள். அதனால் எழுதிய விதி. பதினோரு ஆறு அறுபத்தாறு. கழித்ததைத் திருப்பிச் சேர்த்தால் பஞ்சுவுக்கு நூற்றுக்கு நூறு!

மேடத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கடைசி முழத்தில் அழுத்தத்தைத் தளர்த்துவதால்தான் அந்தக் குலுக்கல் வருவதே இல்லை. வண்டி தானாக வந்து அமர்கிறது. பாதி பஸ் அசையாத பஸ். அதற்குக் குலுக்கல் என்றால் என்னவென்றே தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர் இவர். ஆறு வருடம் அதே வண்டியில் நின்று தண்ணீரையே பார்த்தாரே தவிர, ஒருநாளாவது அந்தக் காலை எட்டிப் பார்த்தாரா? வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. சந்தோஷம்தான் ஜெயித்தது.

"மிஷின் தப்புங்க! அவர் சரி. விதி எழுதின நான்தான் தப்பு!" என்று ஏதோ பரிசு விழுந்தவர் போலக் கூவினார்.

பட்டன் சார் காதருகே வந்து, "மேடம், கையெழுத்து வாங்கிட்டு அப்புறமா மாத்திக்கலாம். ஒரு பட்டன்தான்" என்று கெஞ்சினார்.

"அதுவரைக்கும் இவருக்கு முப்பத்து நாலா? இருநூறு டிரைவருக்கும் இதே தப்பையா சொல்லிக் கொடுக்கும்? வேணவே வேணாம்."

மேலாளர் குனிந்து பேனாவை எடுத்தார். "அப்படின்னா இன்னைக்கு நான் போட முடியாது மேடம். அடுத்த கமிட்டி மூணு மாசம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் இது இங்க இருக்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு, யோசிச்சாச்சு" என்று அவரைப் பார்க்காமலே சொல்லிவிட்டு மேடம் பஞ்சுவிடம் ஓடினார். "கடைசியில காலைத் தளர்த்தறீங்களே, எவ்வளவு தளர்த்தறீங்க? எப்போ தளர்த்தறீங்க?"

பஞ்சு விழித்தார். "நான் எங்க மேடம் தளர்த்தறேன்? அழுத்தின கால் அழுத்தினபடியேதான் இருக்கும்."

மீசைக்காரர் ஒரு மாதிரி தொண்டையைச் செருமினார். "மிஷின் தப்புன்னு மிஷின் செஞ்சவங்களே சொல்லி இப்பத்தான் பார்க்கிறேன்" என்றவர், கட்டியிருந்த கையை அவிழ்த்துக்கொண்டு பாதி பஸ்ஸின் படியில் ஏறினார். "நீ தளர்த்தறேடா பஞ்சு. கோடு சொல்லுதே. நானும் பண்றேனான்னு தெரியலையே. அடுத்து என் காலையும் பாருங்க மேடம்." அவர் பின்னால் மற்றவர்களும் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். ஆளாளுக்கு, பிரேக்கே இல்லாத தரையில் வலது காலை ஊன்றி ஊன்றிப் பார்த்துக்கொண்டார்கள்.

"நிஜமாவே எனக்குத் தெரியலை மேடம்" என்றார் பஞ்சு மறுபடியும், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

மேடம் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். அந்தக் கிரீஸ் தரையில் அப்படியே மண்டிபோட்டு, ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, பிரேக் பெடல்மேல் இருந்த பஞ்சுவின் பூட்ஸ்மேல் தன் உள்ளங்கையை வைத்தார். பஞ்சு பதறிப்போனார். "ஐயையோ மேடம், கால்ல போய்க் கையை…"

"காலை எடுக்காதீங்க! வண்டியை எடுங்க" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

திரையில் தெரு ஓட ஆரம்பித்தது. முதல் நிறுத்தம் நெருங்கியது. மேடம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இன்னொரு கையையும் கொண்டுவந்து அந்தப் பூட்ஸ்மேல் பொத்திவைத்தார்.