சோடாக்கடை முனை வரை

என் மாமாவைப் பற்றிப் படம் எடுத்திருக்கிறார்கள். சினிமா இல்லை, நடந்ததை நடந்தபடி காட்டுகிற படமாம். மருமகள் தன் செல்போனில் போட்டுக் காட்டினாள். என் அம்மாவின் தம்பி அவர். கூடைப்பந்தில் தேசத்துக்கே ஆடி, மெடல் வாங்கி, மதராஸிலேயே கண்ணை மூடியவர். காஞ்சிபுரத்தில் வயதான ஆம்பிளை யாரைக் கேட்டாலும் அவர் பெயரைச் சொல்லி, பந்து போடுவது போலக் கையைத் தூக்கிக் காட்டுவார்கள்.

படத்தைவிட, படத்துக்குக் கீழே சனங்கள் எழுதியிருப்பதுதான் நீளம். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். ஒரு வரியை முடிப்பதற்குள் மருமகள் பத்து வரியைத் தள்ளிவிடுவாள். அதனால் அவளையே படிக்கச் சொன்னேன்.

"கண்ணுல தண்ணி வந்துடுச்சுன்னு ஒருத்தரு போட்டுக்கிறாரு அத்தே. எங்க ஊரு சிங்கம்னு ஒருத்தரு. இதக் கேளுங்க, 'ஊரே தோள்ல தூக்கி வச்சிக் கொண்டாடிச்சு, அந்தக் காலத்துல யாரு சாதி பாத்தாங்க?' அப்பா, இதுக்கு எவ்ளோ பேரு லைக்கு போட்டுக்கிறாங்க!"

"மேல படி."

"'அவரைத் தூக்கினதுல எங்க தாத்தாவும் ஒருத்தர். சாவுற வரைக்கும் அந்தத் தோளைத் தட்டித் தட்டிக் காட்டுவாரு.' அப்புறம் ஒருத்தன் கேக்குறான் அத்தே, 'இவ்ளோ கொண்டாடின ஊருக்கு அவரு ஏன் திரும்பி வரவே இல்ல? நன்றி வாணாமா?' பேச்சப் பாருங்க. ஆனா உங்கள நல்லா காட்டிக்கிறாங்க. எவ்ளோ அழகா சிரிக்கிறீங்க!"

சிரித்தேன், உண்மைதான். படம் எடுத்த பிள்ளைகள் ஒரு பகல் முழுக்க என்னை உட்கார வைத்துக் கேட்டார்கள். காபி வாங்கிக் கொடுத்தார்கள். நானும் ஒன்று விடாமல் சொன்னேன். படத்தில், "எங்க மாமாவ தோள் மேல தூக்கிக்கினு வந்தாங்கப்பா" என்று சொல்லிச் சிரிக்கிறேன். அத்தோடு வெட்டிவிட்டு மேளச் சத்தத்தைப் போட்டுவிட்டார்கள். சிரிப்பு அவர்களுக்குப் பயன்பட்டது. மிச்சம் என்னிடமே இருக்கிறது.

அப்போது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். மாமா எங்கள் வீட்டில் தங்கி டவுனில் படித்தார். எங்கள் சேரி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். எங்கள் வீட்டு நிலைப்படியில் இடித்துக்கொள்ளாமல் அவர் உள்ளே வந்த நாள் குறைவு, அத்தனை உயரம். ஊர் அணியில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துக்கொள்ளாவிட்டால் கோப்பை வெளியூருக்குப் போய்விடும்.

கோப்பை ஜெயித்தால் அந்த நாளில் ஒரு வழக்கம் இருந்தது. சாமி புறப்பாடு போலவே, ஜெயித்துக் கொடுத்த ஆட்டக்காரனைக் கோப்பையோடு தோளில் ஏற்றி, மேளம் அடித்துக்கொண்டு கோயிலின் நாலு வீதியும் சுற்றுவார்கள். தூக்குகிறவர்கள் திருவிழாவில் சாமியைத் தூக்குகிற அதே ஆட்கள். பல்லக்குத் தண்டு அழுத்தி அழுத்தி அவர்கள் தோளில் காய்ப்பு ஏறியிருக்கும்.

திருவிழாவுக்கு நாங்கள் சாமி பார்ப்பது வீதி தொடங்குகிற சோடாக்கடை முனையில் நின்றுதான். அதைத் தாண்டி உள்ளே போனதில்லை. அங்கே நின்றால்தான் சாமி நன்றாகத் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

முதல் கோப்பை வந்த அன்று மைதானத்திலேயே மாமாவைத் தூக்கிவிட்டார்கள். "வழி வுடு, வழி வுடு!" என்று கத்திக்கொண்டு போனார்கள். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே ஓடினேன். சோடாக்கடை முனைக்கு வந்ததும் மேளம் தணிந்தது. யாரோ யாரிடமோ ஏதோ சொன்னார்கள். தூங்குகிற குழந்தையை இறக்குவது போல மாமாவைப் பதமாக இறக்கினார்கள். ஒருவர் சோடா உடைத்து, பாட்டிலை உயரத் தூக்கி மாமாவின் கையில் ஊற்றினார். மாமா கை குவித்துக் குடித்தார். "நல்லா ஆடினபா" என்றார்கள். கோப்பை இன்னொரு ஆட்டக்காரர் கைக்குப் போனது. அன்று ஒரு பந்துகூடக் கூடையில் போடாதவர் அவர். அவரை ஏற்றிக்கொண்டு மேளம் வீதிக்குள் போனது.

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்தார். வீடுகளுக்கு அந்தப் பக்கம் மேளம் எங்கள் கூடவே வந்தது.

"ஏன் மாமா எறக்கி வுட்டுட்டாங்க?"

"நான் கனம் ஜாஸ்தி கண்ணு. அவங்க தோளு தாங்கல."

நம்பினேன். பெருமையாகவும் இருந்தது. சாமியை நாலு வீதியும் சுமக்கிறவர்களுக்கு எங்கள் மாமாவை அந்த முனைக்கு மேல் சுமக்க முடியவில்லையென்றால் யார் கனம்? "எங்க மாமா சாமிய வுட கனம்" என்று சேரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பக்கத்து வீட்டு அத்தை சிரிக்க ஆரம்பித்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்த அம்மாவின் கை பாதி வகிட்டில் நின்றது. "வாய மூடிக்கினு உக்காருடி" என்றாள்.

பெருமை ஒரு பக்கம் இருந்தாலும் ஆசை விடவில்லை. மாமாவை நாலு வீதியும் தூக்கிப் போக வேண்டும். கூடவே நான் ஓட வேண்டும். முனைக்கு அந்தப் பக்கம் என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மறு வருஷக் கடைசி ஆட்டத்தன்று அம்மா தாமல் பக்கம் நடவுக்குப் போயிருந்தாள். மாமாவுக்குச் சோறு போடுவது என் வேலை. ஒரே ஒரு கரண்டிச் சோறு வைத்து, கருவாட்டுக் குழம்பை ஊற்றிவிட்டுப் பானையை மூடினேன்.

"இன்னா கண்ணு, சோறு இவ்ளோதானா?"

"நெறைய இருக்குது. நீ கம்மியா துன்னு மாமா. லேசா இருந்தாதான் நாலு வீதியும் தூக்குவாங்க. முனையில எறக்க மாட்டாங்க."

சிரிப்பார் என்று பார்த்தேன். மாமா சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு அதிலும் பாதியைத் தின்றுவிட்டு, மீதியைத் தட்டின் ஓரத்தில் எனக்கு ஒதுக்கிவைத்துக் கை கழுவினார்.

"இது போதுமா?" என்று கேட்டார்.

"போதும் மாமா" என்றேன்.

அன்றும் ஜெயித்தார். அன்றும் தூக்கினார்கள். நான் முன்னாலேயே ஓடிப்போய்ச் சோடாக்கடை முனையில் நின்றுகொண்டேன். அதே இடத்தில் மேளம் தணிந்தது. அதே போலப் பதமாக இறக்கினார்கள். சோடா ஊற்றினார்கள். மாமா வந்து என் கையைப் பிடித்தார். நான் உதறினேன்.

"இன்னும் கனமா மாமா?"

"ஆமா கண்ணு."

கோபமும் அழுகையுமாக வாய்க்கால் கரையில் அவருக்கு முன்னால் நடந்தேன். அடுத்த தடவை அந்த ஒரு கரண்டியும் வைக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.