முப்பது மாத்திரை

அழகுமீனா என் கொழுந்தன் பெண்டாட்டி. நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். கல்யாணமாகிப் பத்து வருஷம், பிள்ளை இல்லை. யாரையும் எதிர்த்து ஒரு சொல் சொல்லத் தெரியாது. எனக்கோ வாய் சும்மா இருக்காது.

போன வருஷம் அவளுக்கு மாசக்கணக்கில் தீட்டு நிற்கவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்தால் கர்ப்பப்பையில் புற்றுநோய். நல்லவேளை, ஆரம்பம்தான்.

"தீட்டு நின்னு போனவங்கன்னா கர்ப்பப்பையை உடனே எடுத்திருப்போம். உங்களுக்குப் பிள்ளை வேணுமே! ஹார்மோன் மாத்திரை தர்றேன், ஒருநாள்கூட விடக் கூடாது. ஆறு மாசத்துல அடங்கலைன்னா எடுத்துரணும்," என்றார் டாக்டரம்மா.

எனக்குத் தீட்டு நின்று மூன்று வருஷமாகிறது. இந்தச் சனியன் எனக்கு வந்து தொலைத்திருக்கக் கூடாதா!

அவளுக்குப் பிள்ளை வரம் கேட்டு, மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அக்னிச்சட்டி எடுப்பதாக என் மகள் எழிலும் கம்பெனிப் பெண்கள் இரண்டு பேரும் வேண்டிக்கொண்டார்கள். மூன்று பேருக்கும் அந்த வாரம்தான் தீட்டு வரும் தேதி. தீட்டோடு சட்டியைத் தொட முடியுமா? திருவிழா நேரத்தில் தள்ளிப்போடுவதற்கு மெடிக்கலில் வாங்கித் தின்பதும் இதே மாதிரி மாத்திரைதானே என்று அழகுமீனாவின் மருந்து டப்பாவைத் திறந்தேன். ஆளுக்குப் பத்து மாத்திரை அட்டை ஒன்று கொடுத்தேன். மொத்தம் முப்பது மாத்திரை, அவளுடைய ஒரு மாசத்து மருந்து.

"எடுத்துக்கிடுங்கக்கா, எனக்காகத்தான செய்றீக," என்று சிரித்தாள்.

அப்படியானால் நீ எதைத் தின்பாய் என்று கேட்கத் தோன்றவில்லையே எனக்கு! ஆஸ்பத்திரியில் மாசம் ஒருமுறைதான் தருவார்கள். அந்த மாசம் பூராவும் மருந்தில்லாமல் சரம் பின்னிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இன்றைக்கு ஆறாம் மாசச் சோதனை முடிவு வந்தது. நோய் அடங்கவில்லை.

"மாத்திரையை ஒழுங்காச் சாப்பிட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒண்ணு விடாமச் சாப்பிட்டேன்," என்றாள் அழகுமீனா, என் பக்கம் திரும்பாமல்.

பாவி நான், வாய் வேண்டிய நேரத்தில் வாய் திறக்கவில்லை. "அப்போ மருந்து கேக்கலை," என்று ஆபரேஷனுக்குத் தேதி எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருந்தே உள்ளே போகாத மாசம் ஒன்று உண்டென்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பாரோ என்னவோ. என் வாய் திறக்காததால் இவள் வயிற்றை அறுக்கப் போகிறார்கள். ஆமத்தூரில் பஸ் நின்றதும் எழுந்துவிட்டேன்.

"எறங்கு பிள்ள."

"இங்கன எதுக்குக்கா எறங்குறீக?"

"மதுரைக்குத் திரும்பிப் போவோம். மாத்திரையைத் தூக்கிக் குடுத்தது நான்தான்னு சொல்லணும்."

என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தவள் கீழே இறங்கியும் விடவில்லை. "வேண்டாங்கக்கா. அம்புட்டுப் பேரு முன்னால ஒங்கள ஏசுவாகளே," என்றாள்.

"ஏசட்டும்," என்று அவள் பையைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். எதிர் பஸ் வரும்வரை அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க என்னால் முடியவில்லை.