நான் மூடச் சொன்ன வகுப்பு

எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். உடல் பருத்த சர்க்கரை நோயாளிகளுக்கு என்ன சாப்பிடுவது, எவ்வளவு நடப்பது என்று வாரந்தோறும் வகுப்பெடுத்தேன்.

"செலவுக்கேற்ற பலன் உண்டா?" என்று நிர்வாகம் கேட்டது. வருகை ஏட்டைப் புரட்டினேன். பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். பண்ணைக்காட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த செல்லம்மாக்கா மூன்றாவது வாரத்தோடு சரி. எரிச்சலில் 'பலனில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். வகுப்பை மூடினார்கள்.

சில மாதம் கழித்துத் தடுப்பூசி போட ஜீப்பில் பண்ணைக்காடு போனேன். காப்பித் தோட்டப் பாதையில் ஐந்து பெண்களோடு விறுவிறுவென நடந்து வந்தார் செல்லம்மாக்கா. நன்றாக இளைத்திருந்தார்.

"ஏன்க்கா வகுப்புக்கு வரல?"

"நடக்கச் சொல்லிக் குடுக்க, போக வர அம்புட்டு நேரம் பஸ்ஸுல ஒக்கார வைக்கிறீங்களே சிஸ்டர்! அந்த நேரத்துல இங்கனயே நடக்குறோம். இவங்களுக்கும் சக்கரதான். நீங்க சொன்னதத்தான் சொல்லிக் குடுக்குறேன்."

இந்தக் கேள்வியை அன்றே அவரிடம் கேட்டிருக்கலாம். நான் ஏட்டைத்தான் கேட்டேன்.

ஜீப்பிலிருந்து இறங்கக் கூச்சமாக இருந்தது. நான் மூடச் சொன்ன வகுப்பு, என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.