நசீர் நானா நிற்கும் இடம்

பேருந்து மன்னார்ப் பாலத்தில் ஏறும்போது ரிஸ்னாவின் அழைப்பு வந்தது. “நானா மௌத்தாயிட்டார்” என்றாள். நசீர் நானாவின் தங்கை அவள்; அண்ணன் இறந்த செய்தியைத்தான் சொன்னாள். உப்புக்குளத்துக் கந்தோரில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து கணினி நிரல் எழுதியவள் நான். முந்தின நாள்கூட அவரோடு சண்டை பிடித்திருந்தேன். எங்கள் இருவரையும் தெரிந்தவர்களுக்கு அது புதினமில்லை.

இடப்பெயர்வில் சிதறிய சிலாவத்துறைச் சொந்தங்களை ஒரே மரமாக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நான் கிளை கிளையாகப் படம் கீறிக் காட்டினேன். அவர் அதைத் தள்ளிவைத்துவிட்டு, மடிக்கணினியில் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே தாய் எத்தனையாவது இடத்தில் நிற்கிறா என்ற எண்ணை மட்டும் போட்டார். “உம்மாட நம்பர் இருந்தாக் காணும் பிள்ள, மரம் தன்பாட்டில வரும்.” வந்தது. எண்ணைப் பிடித்துப் போனால் தாய். அவளுடைய எண்ணைப் பிடித்தால் அவளுடைய தாய். தாய் யாரென்று தெரியாதவருக்கு அவருடைய சொந்த எண்.

சண்டையும் அதில்தான். வாப்பாமாரின், தகப்பன்மாரின் எண்ணையும் சேருங்கோ, தாயின் எண் மட்டும் என்றால் ஆம்பிளையான உங்களை ஒருவரும் காட்டமாட்டார்கள் என்று சீறுவேன். மனுசன் அசையமாட்டார். “நான் உம்மாவைக் காட்டுறன்தானே” என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருமுறை ரிஸ்னாவின் கணவர், காலமான ஒருவரின் பெயரை, அவரை யாரும் காட்டவில்லையே என்று அழித்துவிட்டார். கீழே நின்றவர்கள் எல்லோரும் ஓரிடம் மேலே ஏறினார்கள். எண்களோ பழைய இடங்களையே காட்டின. அடுத்த நாள் ஒரு கல்யாண வீட்டில் மரத்தைத் திறந்தால், மாப்பிள்ளைக்குத் தாயாக மணப்பெண்ணின் உம்மா நிற்கிறா! பெண்ணின் வாப்பா மடிக்கணினியைக் கடலில் எறியப் புறப்பட்டார். நானா அழிந்த பெயரை அதே இடத்தில் திரும்ப வைத்தார். எல்லாருக்கும் அவரவர் உம்மா திரும்பக் கிடைத்தா. “மௌத்தானவங்கள எடுக்கப்படாது. அவங்கட இடம் வேணும்” என்றார், எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடும் சஹன் சோற்றில் கை வைத்தபடி.

போன கிழமை ரிஸ்னா கேட்டாள்: “நானாட பேரை எடுத்துவிடவோ? பாக்கப் பாக்க அழுகை வருது.”

எனக்கும் வருகிறது. எடுக்கவேண்டாம் என்றேன். அவரை இன்றைக்கும் அந்த மரத்தில் ஒருவரும் காட்டவில்லை. அதில் நான் சொன்னது சரி. ஆனால் அவரை எடுத்தால் அவருக்குப் பின்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் இடம் மாறும், ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு உம்மா மாறிப்போவா. ஒருவரும் காட்டாவிட்டாலும் அவருடைய இடம் வேணும்; அவரிடம் நான் தோற்ற சண்டை அது. அந்தத் தோல்வியை நான் வைத்துக்கொள்கிறேன்.