புறங்காலில் தட்டிய நாற்று

சாமுண்டீஸ்வரியை யாரும் லேசில் அசைத்துவிட முடியாது. செம்பரம்பாக்கத்தில் அம்மாவோடு கூலிக்கு நாற்று பறித்துக்கொண்டே பி.எஸ்ஸி. முடித்தவள். 1996இல் பூந்தமல்லிப் பக்கம் இருந்த எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் தற்காலிக உதவியாளராக வந்தாள். வந்த மூன்றாம் நாளே, "பிரிட்ஜ சரியா மூடாம போனது யாரு?" என்று எங்களையே அதட்டினாள்.

நெற்பயிருக்குக் குளிர் பட்டால் எந்த ஜீன் விழித்துக்கொள்கிறது என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. ஒரு தட்டு நாற்று குளிர் அறையில், இன்னொன்று வெளியே. நாற்றை அரைத்துச் சோதிக்கும்போது, ஜீன் வேலை செய்திருந்தால் எக்ஸ்ரே பிலிமில் கறுப்புக் கோடு விழும். குளிர்பட்ட நாற்றுக்கு மட்டும் விழவேண்டிய கோடு, அவள் எடுத்த பிலிமில் இரண்டுக்குமே விழுந்திருந்தது.

"ரெண்டையும் கலந்திருப்பா சார்" என்று எங்கள் விஞ்ஞானி வீரராகவனிடம் போட்டுக்கொடுத்தது நான்தான். அவள் அதட்டல் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அவரும் அவளை மாசக் கடைசியோடு நின்றுவிடச் சொன்னார்.

அவள் அழவில்லை. "நான் கலக்கல சார். ஒரு வாரம் குடுங்க, இன்னான்னு கண்டுபுடிக்கிறேன்" என்றாள். நேராக என்னிடம் வந்தாள். "தாட்சாயிணிக்கா, நான் பண்றத பக்கத்துல நின்னு பாத்துகினே இரு."

முன்பு செய்ததை அப்படியே திரும்பச் செய்தாள். வெளியே இருந்த தட்டில் ஒரு பிடி நாற்றைப் பிடுங்கி, வயலில் செய்வது போலவே மண் உதிரப் புறங்காலில் பளார் பளாரென்று தட்டினாள். ஐந்தாவது தட்டுக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அய்யே, இத்தினி அடி வாங்கினா அந்த ஜீன் சும்மா இருக்குமாக்கா?"

மறுநாள் வெளியே இருந்த நாற்றில் பாதியைப் பழையபடி அடித்து அலசினாள். மீதியையும் குளிர் அறை நாற்றையும் வேரை அசைக்காமல் கத்தரியால் வெட்டி, அந்த நொடியே உறைந்துபோகும்படி திரவ நைட்ரஜனில் போட்டாள். பிலிம் வந்தது. குளிர்பட்டதில் கோடு, அடிபட்டதிலும் கோடு. குளிரும் அடியும் படாததில் ஒன்றுமே இல்லை.

வீரராகவன் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்போ தப்பு உன்னோடதுதானேம்மா?"

"என்னோடதுதான் சார். ஆனா கலக்கல."

அவர் சிரித்துவிட்டார். அடுத்த மாசமும் வரச் சொன்னார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் எனக்கு மனசு கேட்கவில்லை. "நீ கலந்துட்டேன்னு சார்கிட்ட சொன்னது நான்தான்டி" என்றேன். வெட்கமாக இருந்தது.

"தெரியும்க்கா. அதான் உன்னியே பக்கத்துல நிக்க வச்சேன்" என்று பஸ்ஸில் ஏறியவள், எனக்கும் சேர்த்து இடம் பிடித்தாள்.