வலது தந்தம் ஒடிந்த யாளி

எனக்கு ஊஞ்சல் ஆகாது. சின்ன வயதில் மற்றவர்கள் ஆடும்போது கீழே நின்றுகொண்டு “போதும், எறங்கு, எறங்கு” என்று கத்துகிற ஆள் நான். அப்படிப்பட்டவளுக்கு, நாற்பது பேரை ஏற்றி வானத்துக்கும் பூமிக்கும் ஆட்டுகிற கப்பலுக்கு பட்டன் அழுத்துகிற வேலை கிடைத்ததைச் சொல்லிச் சொல்லி என் வீட்டுக்காரர் இன்றுவரை சிரிக்கிறார்.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற வழியில், ரைஸ்மில் வைத்திருந்த ஒருவர் தன் சவுக்குத்தோப்பை அழித்துக் கட்டிய பூங்கா அது. தண்ணீர்ச் சறுக்கு, ராட்சத ராட்டினம், குழந்தைகள் ரயில், அப்புறம் எல்லோரும் கொலம்பஸ் என்று சொல்கிற அந்த ஊசலாடும் கப்பல். டிக்கெட் கவுன்டரில் இருந்த என்னை முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, இனிமேல் கப்பலைப் பார்த்துக்கொள் என்றார். எனக்கு பயம் என்றேன்.

“பயப்படுறவதாம்மா பட்டன்கிட்ட குந்தணும். தைரியசாலிய குந்தவெச்சா ஜனத்த ஆட்டியே கொன்னுடுவான்” என்றார்.

அந்த வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. பயத்துக்குச் சம்பளம் தருகிற ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

வம்பு செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே எங்களைவிடப் பெரிய பூங்கா ஒன்று உண்டு. அந்த வருஷம் ஒரு ராஜா படம் ஓடு ஓடென்று ஓடியது. அதில் கதாநாயகனின் கப்பலுக்கு யாளி முகம். சண்டையில் யாளியின் இடது தந்தம் ஒடிந்துபோகும். அங்கன்வாடிப் பிள்ளைகள்கூட யாளி வரைந்தால் இடது தந்தத்தைப் பாதியில் நிறுத்தின. செங்கல்பட்டுக்காரர்கள் படக் கம்பெனியிடம் முறையாக லைசன்ஸ் வாங்கி, தங்கள் கொலம்பஸுக்கு அந்த முகத்தை வைத்து, படத்தின் பாட்டையும் போட்டு ஆட்ட ஆரம்பித்தார்கள். ரசிகர்கள் மேளத்தோடு போனார்கள். எங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்த பள்ளிக்கூட வேன்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை எங்கள் கப்பலில் நான்கு பேரை வைத்து ஆட்டினேன். அதில் இரண்டு பேர் எங்கள் கேன்டீன் ஆட்கள்.

லைசன்ஸ் என்ற சொல்லே முதலாளிக்கு எரிச்சலைக் கிளப்பியது. “யாளி நம்ம கோயில் தூணுல எந்தக் காலத்துலேர்ந்தோ கீது. அதுக்கு இவன் இன்னாத்துக்கு லைசன்ஸ் குடுக்கறது? இவன் அப்பன் வூட்டு சொத்தா?”

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் செய்யச் சொன்னது கோயில் தூண் யாளியை அல்ல. கோயில் வாகனம் செய்கிற ஆளிடம் போய், போனில் இருந்த பட போஸ்டரைக் காட்டி, இதே மாதிரி ஃபைபரில் வேண்டும் என்றார். மாற்றம் ஒன்றே ஒன்றுதான். “எடது ஒடிஞ்சா அவுங்களுது. வலது ஒடிஞ்சா நம்புளுது” என்று எங்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார்.

தலை ஒரு மாட்டு வண்டி அளவுக்கு வந்து இறங்கியது. உள்ளே இரும்புச் சட்டம். மேலேயிருந்து கப்பலைத் தாங்கித் தொங்குகிற நான்கு இரும்புக் கைகளில், முன்பக்கத்துக் கைகளின் அடியிலேயே அந்தச் சட்டத்தை வைத்துப் பற்றவைத்தார்கள். கப்பல் தண்ணீர் குடிக்கிற எருமை மாதிரி முன்பக்கம் குனிந்துகொண்டது. அதை நிமிர்த்த வால்பக்கம் சிமென்ட் கற்களை அடுக்கினார்கள். கூட்டம் திரும்பி வந்தது. வலது தந்தமா இடது தந்தமா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் பிடித்தது பயம். காஞ்சிபுரத்தில் ஒரு பேக்கரிக்காரர் பிறந்தநாள் கேக்கில் அந்த யாளியைப் போட்டதற்கு வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். உண்மையோ பொய்யோ, முதலாளிக்குத் தூக்கம் போனது. செங்கல்பட்டுக்காரன் ஆள் அனுப்பி வீடியோ எடுப்பான், கம்பெனிக்குப் போட்டுக்கொடுப்பான், கப்பலை சீல் வைத்துவிடுவார்கள் என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை அதே பேச்சு. ஷூ போட்டு முழுக்கைச் சட்டையில் வருகிறவர்கள் எல்லாம் கம்பெனி ஆள். கையில் இரண்டு போன் இருந்தால் கட்டாயம் கம்பெனி ஆள். அப்படி யாராவது நுழைந்தால் வாசல் செக்யூரிட்டி எனக்கு போன் செய்வார். நான் கப்பலை நிறுத்தி, ‘பழுது பார்க்கிறோம்’ என்ற போர்டை மாட்ட வேண்டும். பூங்கா மெஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர் ஏறி, யாளி மேல் பச்சைப் படுதாவை இழுத்துவிடுவார். மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒருமுறை எல்.ஐ.சி. ஏஜென்ட் ஒருவருக்காக அரைமணி நேரம் படுதா போட்டோம்.

எனக்கு அந்த பயம் ஒட்டவில்லை. வேறொன்று ஒட்டியது.

கப்பல் முன்பக்கம் ஏறி, ஒரு நொடி நின்று, திரும்பி இறங்கத் தொடங்குகிற இடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். விரலில் சொடக்கு எடுத்தால் வருமே, அந்த மாதிரி. பாட்டுச் சத்தத்திலும் ஜனங்களின் கூச்சலிலும் யாருக்கும் கேட்காது. எனக்குக் காதில் கேட்பதற்கு முன்னாலேயே உள்ளங்காலில் கேட்டது. நான் நிற்கிற மேடையும் கப்பலைத் தாங்குகிற தூணும் ஒரே இரும்பு.

பெருநகர் என்கிற ஊரிலிருந்து வருகிற பிட்டர் வேலையில் கெட்டி. முதலாளி முன்னால் மட்டும் நாக்கு புரளாது. அவரிடம் சொன்னேன். “புதுத் தலக்கா. செட்டாவுற வரிக்கும் அப்டிதான் சத்தம் வுடும். அடியில இன்னா கீதுன்னு பாக்கணும்னா தலைய கயட்டணும். சீசன்ல யாரு கயட்டுவா?” என்றார்.

சத்தம் வருகிறது, ஜனங்கள் செத்துப்போவார்கள் என்று முதலாளியிடம் மூன்று தடவை போய்ச் சொன்னேன். இரண்டு தடவை பார்க்கலாம் என்றார். மூன்றாவது தடவை சிரித்தார். “ஒனக்கு கப்பல் நின்னுக்கினு இருந்தாலும் பயம், ஆடிக்கினு இருந்தாலும் பயம். போம்மா, போய் வேலைய ஒயுங்கா பாரு.”

என் பயத்தைக் காட்டித்தானே என்னை அங்கே உட்காரவைத்தார்? இதைக் கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்தது. திரும்பி வந்து பட்டனை அழுத்தினேன். உயரம் போவதற்குள் பிரேக்கைப் பிடித்துவிடுவேன். “செங்கல்பட்டுல தலகீயா ஆட்டுறான், இங்க தாலாட்டுறாங்க” என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். சத்தம் கேட்டுக்கொண்டே எத்தனை பேரை ஏற்றினேன், எத்தனை குழந்தைகளுக்குக் கம்பியை இறக்கிப் பூட்டினேன் என்று நினைத்தால் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது. வேலை போய்விடும் என்ற பயம் சத்தத்தின் பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

அப்படி இருக்கும்போது எங்கள் மகளிர் குழு சுற்றுலா வருவதாக முடிவாகிவிட்டது. மானாம்பதி தாண்டி எங்கள் ஊர். குழுவில் இருபது பேர், எல்லோரும் நடவு, களை, நூறு நாள் வேலை என்று போகிறவர்கள். செங்கல்பட்டுக்குப் போங்கள், அங்கேதான் நிஜ யாளி இருக்கிறது என்று நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். குழுத் தலைவி எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். “அங்க யாரு கீறா எங்களுக்கு? இங்க நீ கீற. நீ கீறப்போ எங்களுக்கு இன்னா பயம்?” என்றாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரே நிறப் புடவையில் புளிசாதத் தூக்குகளோடு வந்து இறங்கினார்கள். நேராகக் கப்பலுக்குத்தான் வந்தார்கள். அதற்கு முந்தைய ஆட்டம் முடிந்துகொண்டிருந்தது. கடைசி இரண்டு ஏற்றத்திலும் ‘டக், டக்’ என்று இரண்டு இரண்டாகக் கேட்டது. தலைவி வரிசையில் முதல் ஆளாக நின்று, யாளிக்கு அடியில் இருக்கும் முன் பெஞ்சைக் காட்டி, அதுதான் எனக்கு என்றாள்.

குழந்தைகள் ரயில் பக்கம் ஒரு மனிதர் முழுக்கைச் சட்டை, ஷூ, கழுத்தில் கேமராவோடு தன் பிள்ளையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் என் கை தானாக போனை எடுத்தது.

“மொதலாளி, ஒருத்தரு வந்துகிறாரு. இந்த யாளிக்கு பேப்பர் கீதான்னு கேட்டாரு. சுத்திச் சுத்தி போட்டோ புடிச்சிக்கினாரு. சாயந்திரம் வக்கீலோட வரேன்னு சொல்லிக்கினு ரயில் பக்கம் போறாரு.”

வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பொய்யை நான் சொன்னதில்லை.

ஜனங்கள் செத்துப்போவார்கள் என்று சொன்னபோது அசையாதவர், நோட்டீஸ் என்றதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். படுதா போதாது, தலையே இருக்கக்கூடாது என்றார். தலையைத் தூக்கி இறக்க செயின் பிளாக் வந்தது, பற்றவைத்ததை அறுக்க கேஸ் கட்டர் வந்தது. கேமராக்காரருக்கு ஐஸ்கிரீமும் பிரியாணியும் போயின. அவர் பிள்ளையை ரயிலில் இலவசமாகச் சுற்றவிட்டார்கள். அந்த மனிதர் இது என்ன பூங்கா என்று மிரண்டுபோய் சீக்கிரமே கிளம்பிவிட்டார். எங்கள் குழுப் பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புளிசாதத்தைப் பிரித்தார்கள். “உன்ன நம்பி வந்தோம் பாரு, எங்கள சொல்லணும்” என்று தலைவி என்னைப் பார்த்துச் சொன்னாள். திட்டட்டும் என்று நின்றேன்.

தலை இறங்கியதும் அந்த இடத்தைக் குனிந்து பார்த்த பிட்டர் நிமிரவே இல்லை. அப்புறம் என்னைத்தான் கூப்பிட்டார். “அக்கா, இங்க வா.”

யாளிச் சட்டம் மூடியிருந்த இடத்தில், முன்பக்கத்துக் கை ஒன்றின் அடியில், பற்றவைத்த இடத்தை ஒட்டி ஒரு கோடு. அவர் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அந்தக் கோட்டில் செருகினார். நாணயம் விழாமல் நின்றது.

முதலாளி வந்து பார்த்தார். படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அந்தாளு மட்டும் வரலேன்னா...” என்றார். பிறகு ரயில் பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “ஆளு இல்ல அது. எங்க கொலதெய்வம்தான் அந்த ரூவத்துல வந்துச்சு.”

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். தெய்வத்தோடு யார் போட்டி போடுவது? நான்கு கைகளையும் மாற்றினார்கள். யாளி ரைஸ்மில் குடோனில் தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குழந்தைகள் ரயில் பக்கம் ஒரு கற்பூரம் எரிந்தது. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இந்த வருஷம் செங்கல்பட்டுக்காரர்கள் வேறு படத்துக்கு மாறிக்கொண்டார்கள். அந்தப் பட யாளியின் லைசன்ஸ் சும்மா கிடந்தது. முதலாளி பட்டது போதும் என்று முறையாக லைசன்ஸ் வாங்கிவிட்டார். பளபளக்கிற முத்திரையோடு காகிதம் ஆபீஸில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வெளியூரிலிருந்து புதுத் தலை வந்தது. இடது தந்தம் முறைப்படி ஒடிந்திருந்தது. பழையதைவிட எடை அதிகம்; அதே முன்பக்கத்துக் கைகளில்தான் பற்றவைத்தார்கள். மாலை போடக்கூடாது, மூடக்கூடாது, கழற்றக்கூடாது, பூங்கா திறந்திருக்கிற நாளெல்லாம் ஓட வேண்டும் என்று காகிதத்தில் இருக்கிறதாம். பச்சைப் படுதாவை நெல் காயவைக்க எடுத்துப் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள், உள்ளங்காலில், ‘டக்’.

அன்று ஞாயிற்றுக்கிழமை. போன தடவை விட்டுப்போன சவாரிக்காகக் குழுப் பெண்கள் மறுபடி வந்திருந்தார்கள். ஏறி உட்கார்ந்தும்விட்டார்கள். தலைவி முன் பெஞ்சில். கம்பியெல்லாம் இறக்கியாகிவிட்டது. நான் பட்டன் பக்கம் கையே கொண்டுபோகவில்லை. சாவியை உருவி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். நிறுத்திவைத்த கப்பலைப் பார்த்ததும் முதலாளி வேகமாக வந்தார். பக்கத்தில் வந்ததும், பழைய வழக்கப்படி, குரலைத் தாழ்த்தினார்.

“யாராச்சும் வந்துகிறாங்களா?”

“யாரும் வரல மொதலாளி. அன்னிக்கும் யாரும் வரல. நான்தான் பொய் சொன்னேன். இன்னிக்கும் சத்தம் வருது.”

அவர் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் சிரித்தார். “ஒனக்கு பொய் சொல்ற தைரியம் ஏதும்மா? அவர நான் கண்ணால பாத்தேன். சாவிய குடு.” கையை நீட்டினார்.

மூடிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். கப்பலிலிருந்து தலைவியின் குரல் கேட்டது. “இன்னாடி, ஸ்டார்ட் பண்ணலியா?”

“எறங்கு” என்றேன். அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்து, இன்னும் சத்தமாக, “எல்லாரும் எறங்குங்க” என்றேன்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். கம்பியைத் தூக்கச் சொன்னாள். நான் லீவரை இழுத்தேன். முன் பெஞ்சிலிருந்து அவள் எழுந்தாள். பின்னாலேயே ஒருத்தி, அவள் பின்னால் இன்னொருத்தி, இருபது பேரும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

முதலாளி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். கப்பலில் யாரும் இல்லை.