பழமொழிக்கு வால் கட்டிய கண்டக்டர்

விசிலை வாயிலிருந்து எடுத்தான் என்றால் கண்டக்டர் ஏதோ சொல்லப் போகிறான் என்று வண்டிக்கே தெரியும். பேச்சு நின்றுவிடும். ஐம்பதுகளில் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போகும் தனியார் பஸ்ஸில் நான் டிரைவர், அவன் கண்டக்டர். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அவனும் பெரிதாகப் படித்தவனில்லை. ஆனால் ஊரே சொல்லும் பழமொழியை எடுத்து, அது முடிகிற இடத்தில் சொந்தமாக ஒரு வால் கட்டிவிடுவான். அதைக் கேட்கவே முந்தைய வண்டியை விட்டுவிட்டு எங்கள் வண்டிக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. என் ஓட்டுக்காகக் காத்திருந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. இத்தனைக்கும் அந்தத் தடத்தில் என்னைப்போல் கியர் மாற்ற ஆளில்லை. மடியில் மோர்ச்சொம்பு வைத்திருப்பவள்கூட ஒரு துளி சிந்தமாட்டாள்.

கல்யாணமான புதிதில் என் மனைவியை முதன்முதலாக அந்த வண்டியில் ஏற்றினேன். கடல் பார்க்கப் போகலாம் என்று சொன்னேன். உண்மையில் நான் ஓட்டுவதை அவள் பார்க்கவேண்டும். எனக்கு நேர் பின்சீட்டிலேயே உட்காரவைத்தேன். திருக்கழுக்குன்றத்தில் ஒரு அம்மாள் மீசை அரும்பிய மகனோடு ஏறி, குழந்தைதானே, அரை டிக்கெட் போதும் என்றாள். விசில் வாயை விட்டு வந்தது. காக்கை தன் குஞ்சைப் பொன்னாக நினைக்கும் பழமொழியைச் சொல்லிவிட்டு, "அடகுக் கடைக்கு இட்டுக்கினு போனாத்தாம்மா அது கறுப்புன்னு தெரியும்" என்றான். அந்த அம்மாளே சிரித்துக்கொண்டு முழு டிக்கெட் வாங்கினாள். என் மனைவியின் சிரிப்பு என் பிடரிக்குப் பின்னால் கேட்டது. அதன்பிறகு வந்த வளைவு ஒவ்வொன்றையும் எண்ணெய் விட்டாற்போல் திருப்பினேன். கண்ணாடியில் பார்த்தால் அவள் முகம் கண்டக்டர் பக்கமே திரும்பியிருந்தது.

கடற்கரையில் இறங்கியதும், எப்படி ஓட்டினேன் என்று கேட்டேன்.

"வண்டிக்கு இன்னா, அது பாட்டுக்கு வந்துச்சி. அந்த அண்ணாத்த பேச்சுல தூரமே தெரில."

அன்றிலிருந்து நானும் வால் கட்டிப் பார்த்தேன். அவள் சோறு போடும்போது சொல்வேன். குழம்பு இன்னும் வேண்டுமா என்பாள்.

அவன் காலமாகி வெகுநாள் ஆகிறது. நான் அதே தடத்தில் சொந்தமாக பஸ் விட்டேன். இன்று கூடுவாஞ்சேரி வரை என் வண்டி ஓடாத சாலை இல்லை. போன மாதம் புது வண்டிக்குப் பூஜை. ஸ்டியரிங்கைப் பிடித்த கையால் நான் முன்னுக்கு வந்த கதையை வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கற்பூரத் தட்டோடு நின்ற என் மனைவி, நிறைகுடத்தைப் பற்றிய பழமொழியைச் சொல்லி, "யாரும் பாக்கலன்னா கொறகுடங்கூடச் சத்தம் போடாமத்தான் வரும்" என்றாள். பூஜை செய்த ஐயர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

இது யார் கட்டியது என்று தனியாகக் கேட்டேன். "நாந்தான்" என்றாள். நான் நம்பவில்லை. அது அவன் கைவேலைதான். நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்த எந்த நேரத்தில் அவன் இவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தான் என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.